டோரினின் வேர்வை

கொட்டாஞ்சேனையில் டோரின் சவுந்தரநாயகத்தைத் தெரியாத ஆள் என்றால், அவர் கலியாண வீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஆளாகத்தான் இருக்கவேண்டும். முப்பது வருடமாக அந்த வட்டாரத்துப் பெண்பிள்ளைகள் கையில் கத்தியோடு ஃபோட்டோவுக்குச் சிரித்ததெல்லாம் டோரின் செய்த கேக் ஸ்ட்ரக்சருக்குப் பக்கத்தில் நின்றுதான். கொழும்புக் கலியாண மண்டபங்களில் மூன்று தட்டு, ஐந்து தட்டு என்று வெள்ளை வெளேரென்று நிற்கிறதே, அதில் முக்கால்வாசி கேக்கே கிடையாது. உள்ளே ரிஜிஃபோம், சாமான் பெட்டிகளில் பொதியாக வருகிற வெள்ளை நுரைக்கட்டி. மேலே கல்லாக இறுகிய ஐசிங். அதற்கும் மேலே சீனியில் செய்த பூக்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் கத்தி வைக்கிற இடத்தில் மட்டும் ஒரு துண்டு உண்மைக் கேக் இருக்கும். விருந்தாளிகளுக்குக் கொடுப்பது தனியாகச் சுட்டு, விரலளவு வெட்டி, பெட்டியில் போட்ட ரிச் கேக். இது ஊரறிந்த சங்கதி, யாரும் குறையாக எடுப்பதில்லை. டோரினின் சீனி ரோசாக்களைப் பார்த்தபிறகு உள்ளே என்ன இருக்கிறதென்று யார் கேட்கப்போகிறார்கள்?

அவ்வளவு சீனியோடு நாள் முழுக்கப் புழங்கும் டோரினுக்குச் சீனி வருத்தம். அதுவும் வயதுபோன பிறகு வந்து மாத்திரையோடு சமாளிக்கிற வருத்தம் அல்ல. பத்தொன்பது வயதில் ஆள் ஈர்க்குச்சியாக மெலிந்து, குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, ஒருநாள் ஆஸ்பத்திரியில் மயங்கிக் கிடந்து கண்டுபிடித்தது. உடம்பில் சொந்த இன்சுலின் என்று ஒன்றும் ஊறவில்லை. அன்றுமுதல் காலையும் மாலையும் ஊசிதான். தாய் தலையிலடித்து அழுதாள். பெண்பார்க்க வருகிறவர்களிடம் வாயைத் திறக்காதே என்று சொந்தக்காரர்கள் காதுக்குள் ஓதினார்கள். டோரின் கேட்டால்தானே! வந்த முதல் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தேத்தண்ணியை நீட்டும்போதே, "நான் ஊசி போடுறனான். தெரிஞ்சுகொண்டு குடியுங்கோ" என்றாள். அவர்கள் குடித்துவிட்டு எழும்பிப் போனவர்கள், போனவர்கள்தான்.

"மறைச்சுத் தள்ளிவிட நான் என்ன நாறல் மீனோ?" என்று அதற்குப் பிறகு யார் கதையெடுத்தாலும் கேட்பாள். கலியாணம் கட்டவில்லை. அதற்காக ஒரு நாள் மூக்கைச் சிந்திக்கொண்டு இருந்ததுமில்லை.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் தமிழர் எல்லோரும் மாதா கோயிலுக்குள் அடைக்கலம் தேடி ஓடினார்கள். நகையை எடு, காணி உறுதியை எடு என்று வீடு வீடாக ஒரே அமளி. டோரின் எடுத்தது இன்சுலின் போத்தலையும் ஊசியையும் மட்டும். ஐஸ் நிரப்பிய ஃபிளாஸ்க்கில் போத்தலை வைத்துக்கொண்டு கோயில் வாங்கில் உட்கார்ந்திருந்தாள். ஐஸ் கரைந்ததும் மீன் சந்தைக்காரர் ஒருவரைப் பிடித்து, வெருட்டி, இன்னும் ஐஸ் எடுப்பித்தாள். அந்த மனிதர் சிங்களவர். வெளியே நெருப்பு எரிகிற நேரத்தில் தமிழ்ப் பெண் ஒருத்தி தன்னை வெருட்டுகிறாளே என்று அவருக்கே சிரிப்பு வந்துவிட்டதாம்.

இப்படிப்பட்டவள் தன் வருத்தத்தையும் அப்படித்தான் ஆண்டாள். ஒரு பருக்கை சோறு கூடாமல், ஒரு நேர ஊசி தவறாமல், சீனியைக் கீழே கீழே என்று அமுக்கியே வைத்திருந்தாள். கிளினிக்கில் இரத்தத்தைப் பார்க்கிற நேரமெல்லாம் டாக்டர்மார் மெச்சுவார்கள். அந்த மெச்சலில் டோரினுக்கு ஒரு பெருமிதம் இருந்தது. சில நேரம் சீனி மிதமிஞ்சி இறங்கிவிடும். அதற்கும் வீட்டில் எல்லோருக்கும் அடையாளம் தெரியும். மேலுதட்டில் முத்து முத்தாக வேர்க்கும், கை நடுங்கும், ஐசிங் பிழிகிற கோடு நேராகப் போகாமல் நெளியும். உடனே ஒரு கரண்டி ஐசிங் சீனியை வாயில் போட்டுக்கொண்டு, ஐந்து பத்து நிமிடம் குந்தியிருந்துவிட்டு, நெளிந்த கோட்டைச் சுரண்டித் திருப்பிப் போடுவாள். தம்பி கிளறன்ஸுக்குச் சின்னப் பிள்ளையிலிருந்தே இது பாடம். அக்காவுக்கு வேர்த்தால் சீனி கொடு. வேர்க்காவிட்டால் அது சும்மா அவளுடைய வழமையான கோபம், தள்ளி நில்.

வருடங்கள் போகப் போக வேர்வை குறைந்துகொண்டு வந்ததை யாரும் கவனிக்கவில்லை. டோரினும் கவனிக்கவில்லை. கவனித்தபோதும், வருத்தம் வழிக்கு வந்துவிட்டது என்று உள்ளுக்குள் சந்தோசப்பட்டுக்கொண்டாள்.

தொண்ணூற்றாறு டிசம்பரில்தான் விசயம் வெடித்தது. நத்தார் கேக் ஓடர்கள் கழுத்துவரை. டோரின் அன்று விடியத் தொடங்கி பிளம்ஸ், கஜு, சீனிப்பாகில் ஊறிய பூசணித் தோசி, இஞ்சித் தோசி எல்லாவற்றையும் அரிந்து, பெரிய சட்டியில் பிரண்டி ஊற்றிப் பிசறிக்கொண்டு இருந்தாள். கை முழங்கை வரை பிரண்டி. சட்டையில் பிரண்டி. வேலை மும்முரத்தில் மத்தியானச் சாப்பாடு பேருக்கு இரண்டு வாய். அப்படியே பின்னேரம் கோயில் மண்டபத்துக்குப் பாட்டுப் பழகப் போனாள். கிளறன்ஸும் வத்தளையிலிருந்து வந்திருந்தான். கப்பல் கொம்பனியில் கிளாக், பாடற்குழுவில் அடித்தொண்டைக்காரன்.

டோரினுக்கு அன்றைக்குத் தன்னில் ஒரு குறையும் தெரியவில்லை. அதுதான் விசயமே. அவளைப் பொறுத்தவரை மற்றவர்கள்தான் பிழையாகப் பாடினார்கள், லைற்றுகள்தான் அதிகமாக எரிந்தன, ஹார்மோனியந்தான் இழுபட்டது. உள்ளே ஏதோ குதூகலம். பாடற்குழுத் தலைவி பேர்ணடெற் பாட்டை நிறுத்தி, "டோரின், நீங்கள் வேற வரி பாடுறீங்கள்" என்றாள்.

"நான் சரியாத்தான் பாடுறன். உம்மட குரல்தான் தகரத்தில ஆணி கீறின மாதிரிக் கிடக்கு" என்றாள் டோரின். இருபது வருடமாக நெஞ்சுக்குள் இருந்ததை அவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. எழும்பியவள் கால் பின்னிக் கதிரையோடு சரிந்தாள். தூக்கப் போனவர்களுக்கு மூக்கில் பிரண்டி அடித்தது.

எல்லோரும் பாட்டுப் புத்தகத்தை மூடினார்கள். பிறகு ஒரே குசுகுசு. கிளறன்ஸ் ஓடிவந்து முதல் வேலையாக அக்காவின் மேலுதட்டைப் பார்த்தான், நெற்றியைத் தொட்டான். காய்ந்து கிடந்தது. கையைப் பிடித்தான், நடுக்கமில்லை. அவனுடைய முகம் வெட்கத்தில் சுருங்கிவிட்டது.

"வேர்க்கேல்ல. சீனி இல்ல இது" என்றான். பக்கத்தில் நின்றவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. குடிவெறி முறிய என்ன கொடுப்பார்கள்? சீனி போடாத கறுப்புக் கோப்பி. குசினிக்குப் போய்த் தன் கையாலேயே கரைத்து, ஒரு மணி சீனி போடாமல், அக்காவின் வாயில் வைத்துக் குடிக்கச் செய்தான் கிளறன்ஸ். இரண்டு மிடறு உள்ளே போனது. மூன்றாவது மிடறில் டோரினின் கண் மேலே செருகி, பல் கிட்டி, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது.

ஒழுங்கை முனையில் த்ரீவீலோடு நிற்கும் ராசிக் சத்தம் கேட்டு வந்தவன், யாரையும் எதையும் கேட்கவில்லை. ஆளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். அங்கே விரலில் குத்திப் பார்த்துவிட்டு நாளத்தில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஊசி பாதி இறங்கும்போதே டோரின் கண்ணைத் திறந்து, "ஆரடா என்ர சட்டையில கோப்பி ஊத்தினது?" என்று கேட்டாள். கிளறன்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

பிறகு பொரளையில் டாக்டர் நஸீறாவிடம் காட்டினார்கள். சின்ன வயது டாக்டர், பொறுமையான மனுசி. டோரின் போட்ட சண்டையையெல்லாம் சிரித்துக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னாள்: "மூளைக்குச் சேத்து வைக்க ஒரு சின்னப் பேணிகூட இல்ல மிஸ் டோரின். நேரத்துக்கு நேரம் இரத்தத்தில வாற சீனியிலதான் அது சீவிக்குது. சீனி இறங்கினா அது பதறிப்போய் நரம்புகளுக்குச் சொல்லும். கை காலை ஆட்டுற நரம்பு இல்ல, நாம கேக்காமலே உள்ளுக்க வேல செய்ற நரம்புகள். அதுகள்தான் வேர்க்க வைக்கும், நெஞ்சைப் படபடக்க வைக்கும், கையை நடுங்க வைக்கும். சாப்பிடு சாப்பிடு எண்டு கத்துற கத்தல் அது."

"எனக்கு அது கத்தேல்லையே."

"கத்திக் கத்தி அலுத்துப் போச்சு. நீங்க சீனியை அமுக்கி அமுக்கி வெச்சீங்க. அடிக்கடி இறங்கினதால இதுதான் வழமை எண்டு மூளை பழகிக்கொண்டது. இப்ப அது ஆளை எழுப்பாது. நேரா அறிவுதான் தடுமாறும். உடம்பில ஊறுற சொந்த இன்சுலின் எண்டா சீனி இறங்கினவுடனே அடங்கிரும். நீங்க ஊசியால ஏத்தினதுக்கு அடங்கத் தெரியாது, போட்டது போட்டதுதான்."

முப்பது வருடப் பெருமை! எந்தக் கட்டுப்பாட்டை மெடலாகக் குத்திக்கொண்டு திரிந்தாளோ, அதுவே குழி பறித்திருக்கிறது. சண்டை பிடிக்காத அக்காவைப் பார்க்கக் கிளறன்ஸுக்குப் பயமாக இருந்தது.

"பழகினதை மறக்கடிக்க ஏலாதா?" என்று கடைசியாகக் கேட்டாள்.

"ஏலும் எண்டு இப்ப சில வருசமா ஆராய்ச்சி செய்தவங்க சொல்றாங்க. எல்லாருக்கும் சரிவரும் எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன். ஒருக்காக்கூட இறங்க விடாம, கொஞ்சம் ஏத்தியே வெச்சிருக்கணும். கிழமைக்கணக்கில, மாசக்கணக்கில. அப்ப அந்த நரம்புக்கெல்லாம் திரும்ப ரோசம் வரலாம்."

"ரோசத்துக்கு எங்கட வீட்டில குறைவில்ல டாக்டர்" என்றாள் டோரின். டாக்டர் தன்னிடம் இருந்த சீனி பார்க்கும் மெசின் ஒன்றை இரவலாகக் கொடுத்தாள்.

ஊர் வாய் அதற்குள் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. டோரின் குடிக்கிறாளாம், கேக்குக்கென்று வாங்குகிற பிரண்டி பாதி அவளுக்குள்தான் போகிறதாம். பேர்ணடெற் நேரில் கண்ட சாட்சி. வைத்தியம், நரம்பு, மூளை என்று விளக்கினால் கேட்கிறவர்கள் "ஓம் ஓம்" என்று தலையாட்டிவிட்டு, கண்ணால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதைக்கூட டோரின் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாத கதையைச் சொன்னது கிளறன்ஸ்.

"அக்கா, இனித் தனிய இருக்கேலாது. வீட்டைப் பூட்டிப்போட்டு எங்களோட வத்தளைக்கு வா."

"ஆர் வீட்டை ஆர் பூட்டுறது?"

"கேக் சுடுற அவண், அடுப்பு, கத்தி, எல்லாத்துக்கும் நடுவில நீ விழுந்து கிடந்தா ஆருக்குத் தெரியும்? உனக்கே தெரியாதே! அண்டைக்கு நான் உனக்கு..." அவனால் அந்தக் கோப்பியைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியவில்லை. "எனக்கு நித்திரை இல்ல அக்கா. கேக் போதும். சாப்பிட்டுட்டு, செபத்தைச் சொல்லிக்கொண்டு, எங்களோட இரு."

சாப்பிட்டுவிட்டுச் செபம் சொல்லிக்கொண்டு இரு! ஐம்பத்து மூன்று வயதில், இரண்டு கையும் சரியாக இருக்கும்போது, மச்சாளின் குசினிக்குள் போய்க் குந்தி, தேத்தண்ணி தருவார்களா என்று பார்த்துக்கொண்டு இருப்பதா? டோரினுக்கு இரத்தம் கொதித்தது. ஆனால் தம்பியின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததையும் பார்த்தாள். அவன் சொல்வதில் ஒரு பிடி நியாயம் இருந்தது. தன் உடம்பு தனக்குச் சொல்லாவிட்டால் இந்த வீட்டில் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

"சரி, கேள்" என்றாள். "உயிர்ப்புத் திருநாள் முடிய வெள்ளவத்தையில செலீன்ர கலியாணம். அந்தப் பெட்டை ஒருத்திதான் இந்தக் கதையெல்லாம் கேட்டும் ஓடரை மாத்தாதவள். அதுக்குள்ள எனக்கு வேர்வை திரும்பி வந்தா நீ வாயைத் திறக்கக்கூடாது. வராட்டி நானே வீட்டைப் பூட்டித் திறப்பை உன்ர கையில தாறன்."

"மாதா மேல சத்தியமா?"

"சத்தியம் பண்ணாட்டி நான் பொய் சொல்லுவன் எண்டு நினைக்கிறியா? போடா."

அப்படித்தான் தொண்ணூற்றேழாம் ஆண்டுத் தவக்காலம் தொடங்கியது. ஊரெல்லாம் நோன்பு. இறைச்சி இல்லை, இனிப்பு இல்லை, வெள்ளிக்கிழமைகளில் ஒரு நேரச் சாப்பாடு. டோரின் மட்டும் சாப்பிட்டாள். காலை, பத்து மணி, மத்தியானம், நாலு மணி, இராத்திரி என்று வயிறு கேட்காமலே சாப்பிட்டாள். சின்ன வயதிலிருந்து தவக்காலத்தில் எல்லோரையும்விடக் கடுமையாக ஒறுத்தல் செய்தவள் அவள். இப்போது விரலில் குத்துவாள், மெசினைப் பார்ப்பாள், நம்பர் இறங்குகிற மாதிரித் தெரிந்தால் வாயை மூடிக்கொண்டு ஒரு கதலிப் பழத்தை உரிப்பாள். பாதிரியார் நோயாளிகளுக்கு நோன்பு கடமையில்லை என்று ஆறுதலாகச் சொன்னார். "நான் நோயாளி இல்ல ஃபாதர், நான் வேலை செய்யிற ஆள்" என்று அவருக்கும் ஒன்று கொடுத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் முழந்தாளில் நின்றார்கள். டோரினுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போயிருந்தது. கைப்பையைத் திறந்து பிஸ்கற் பக்கற்றைக் கிழித்தாள். அந்த அமைதியில் பக்கற் கிழிகிற சத்தம் கூரையில் போய் முட்டியது. பேர்ணடெற் திரும்பிப் பார்த்த பார்வையில் நெருப்பு இருந்தது.

"தவக்காலத்திலயுமா?" என்றாள் மெல்லிய குரலில்.

"ஓம். தவக்காலத்திலயும் எனக்கு மூளை இருக்குது" என்று மென்றுகொண்டே சொன்னாள் டோரின். சொல்லிவிட்டு இன்னொன்று எடுத்தாள்.

வெளியே இப்படி வீராப்பு. வீட்டுக்குள் வேறு கதை. சாப்பிட்டுச் சாப்பிட்டு உடம்பு பெருத்தது. மெசினில் நம்பர் நூற்றெண்பது, இருநூறு என்று காட்டும்போது அவமானமாக இருந்தது. முப்பது வருடமாகத் துரத்தியடித்த நம்பர்களைக் கூப்பிட்டு வீட்டில் இருத்துவதா? கிழமைக்கொருமுறை கிளறன்ஸ் வந்து கேட்பான், "வந்ததா?" டோரின் அவணைத் திறந்து கேக்கைப் பார்க்கக் குனிந்துவிடுவாள். ஒருநாள் நெற்றியில் ஈரம் தட்டியதும் துள்ளி எழுந்து விரலைக் குத்தினாள். நூற்றெழுபது! அவணைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் வேர்க்காது? தன் மடத்தனத்தை நினைத்துச் சிரித்தவள், சிரித்தபடியே மேசையில் தலையை வைத்து அழுதாள். திறப்பைக் கொடுக்க வேண்டி வருமோ என்ற பயம் அன்றைக்குத்தான் உண்மையாக அவளைப் பிடித்தது. சீனி ஒழுங்காக இறங்காமல் இருந்தால் உடம்பு கத்த வேண்டிய தேவையே வராதே! தேவை வருகிற நாளில் கத்துமா என்பதை எப்படிச் சோதிப்பது? வேண்டுமென்று இறக்கிப் பார்ப்பது தற்கொலைக்குச் சமம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

செலீனின் கலியாண நாளும் வந்தது. ரிச் கேக் பெட்டிகளை முதல்நாளே அனுப்பியாகிவிட்டது. மிச்சம் ஐந்து தட்டு ஸ்ட்ரக்சர். பெரிய அட்டைப் பெட்டிகளில் தட்டுத் தட்டாக வைத்து, ராசிக்கின் த்ரீவீலில் ஏற்றினார்கள். மேல்தட்டை டோரின் மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டு கிளறன்ஸ் ஏறினான். அவன் எதற்கு வருகிறான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். டோரின் காலை ஊசியைப் போட்டு, சாப்பிட்டு, நம்பர் பார்த்துத்தான் புறப்பட்டாள். பத்து மணிப் பழத்தை மண்டபத்தில் போய்ச் சாப்பிடலாம் என்பது கணக்கு.

காலி நகருக்குப் போகும் காலி வீதியில் ஏறியதும் வாகனங்கள் அசையவில்லை. எங்கேயோ குண்டுப் புரளி என்று ஒவ்வொரு வாகனமாக நிறுத்திச் சோதித்தார்கள். இவர்களுடைய முறை வரும்போது பத்து மணி கடந்து எவ்வளவோ நேரமாகிவிட்டது. "இறங்குங்க அன்ரி, அடையாள அட்டையை எடுத்து வெச்சிக்கோங்க" என்றான் ராசிக். இறங்கினார்கள். கைப்பையைப் பொலிஸ்காரப் பெண் வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டாள். பழம், பிஸ்கற், மெசின் எல்லாம் அதற்குள்.

இளம் ஆமிக்காரன் ஒருவன் பெட்டியைத் திறந்து கீழ்த்தட்டை விரலால் தட்டினான். டொக் டொக்கென்று வெறுமையாகக் கேட்டது. அவன் முகம் மாறியது. "மேக்க கேக் நெவெய்னே!" என்றான், இது கேக் இல்லையே என்று. கிளறன்ஸ் கும்பிடாத குறையாகச் சிங்களத்தில் விளக்கினான். கேக்தான் ஐயா, ஆனால் கேக் இல்லை, உள்ளே ரிஜிஃபோம், கலியாண வீட்டுக்கு. விளக்க விளக்க அது மோசமாகிக்கொண்டு போயிற்று. பெரிய அதிகாரி வந்து பார்க்கட்டும் என்று மூன்று பேரையும் ஓரத்தில் நிற்கச் சொன்னார்கள். மேல்தட்டு இன்னும் டோரினின் கையில் இருந்தது.

தார்ப்பாய் நிழல். கடல்காற்று வேறு. அங்கே நிற்கும்போதுதான் டோரினின் மேலுதட்டில் ஏதோ ஊர்ந்தது. ஈ என்று நினைத்தாள். பிறகு கழுத்தின் பின்பக்கம் குளிர்ந்தது. நெஞ்சு திடுதிடுவென்று அடிக்கத் தொடங்கியது. கையைப் பார்த்தாள். தட்டின் மேலிருந்த சீனி ரோசாக்கள் கிடுகிடுவென்று ஆடின.

பயமா? துவக்கோடு ஒருவன் எதிரே நின்றால் தமிழ்ப் பெண்ணுக்கு நெஞ்சு அடிக்காமல் என்ன செய்யும்? டோரின் தனக்குள்ளே தேடிப் பார்த்தாள். பயம் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அதற்கும் அடியில், எத்தனையோ வருடமாகக் காணாமல் போயிருந்த ஒரு அவசரம் அவளைப் பிடித்து உலுக்கியது. சாப்பிடு, சாப்பிடு, இப்போதே சாப்பிடு! இது பயமில்லை. இது அவளுடையது.

ஆமிக்காரனும் பார்த்துவிட்டான். நிழலில் நின்று வேர்த்து ஒழுகுகிற பெண். நடுங்குகிற கை. கையில் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத ஒரு சாமான். அவன் இரண்டு அடி பின்னால் போய்த் துவக்கை உயர்த்தினான்.

"ஹெலவென்ன எப்பா!" அசையாதே என்று அவன் போட்ட சத்தத்தில் வீதியே திரும்பியது.

"ஐயோ சேர், இவ வருத்தக்காரி, பாவம், ஒண்டும் தெரியாது, மன்னிச்சுக்கொள்ளுங்கோ..." கிளறன்ஸுக்குச் சிங்களம் மறந்துபோய்த் தமிழ் வந்துவிட்டது.

"நீ வாயை மூடு கிளறன்ஸ். எனக்கு எல்லாம் தெரியும்" என்றாள் டோரின். பிறகு ஆமிக்காரனின் கண்ணை நேராகப் பார்த்து, கொட்டாஞ்சேனைச் சந்தையில் பேரம் பேசுகிற அதே சிங்களத்தில் சொன்னாள்: "மல்லி, மகே லே வல சீனி பெஹெலா. மம தென் கனவா. வெடி தியன்ன ஓனெ நம் தியபங்."

தம்பி, என் இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது, நான் இப்போது சாப்பிடப்போகிறேன், சுடுவதென்றால் சுட்டுக்கொள். சொல்லிவிட்டுத் தட்டை இடுப்பில் அணைத்து, மேலேயிருந்த பெரிய ரோசாவைப் பிடுங்கி வாயில் போட்டாள். மூன்று நாள் இருந்து இதழ் இதழாகச் செய்த ரோசா. கடவாய்ப் பல்லில் அது நொறுங்குகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அதை விழுங்கிவிட்டு அடுத்ததைப் பிடுங்கினாள். ராசிக் கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய எதையோ ஓதினான்.

ஆமிக்காரன் சுடவில்லை. சுடுவதா, சிரிப்பதா, ஆளைக் கூப்பிடுவதா என்று தெரியாமல் நின்றான். குண்டு வைக்க வந்தவள் நின்று நிதானமாகத் தன் குண்டைச் சாப்பிடுவாளா? பொலிஸ்காரப் பெண்தான் முதலில் அசைந்தாள். கைப்பையைத் துழாவி மெசினை எடுத்து, இது என்ன என்று தூக்கிக் காட்டினாள்.

"கொண்டா இங்க" என்றாள் டோரின், அது தமிழ் என்ற நினைவே இல்லாமல். அந்தப் பெண் கொண்டுவந்தாள். எல்லோரும் பார்த்திருக்க டோரின் விரலைக் குத்தினாள். கை நடுங்கியதில் இரத்தம் முதல்முறை சரியாகப் படவில்லை. இரண்டாம் முறை பட்டது. மெசின் யோசித்தது. ஆமிக்காரன்கூடக் கழுத்தை நீட்டினான். ஐம்பத்தாறு.

"பாத்தியா?" என்று மெசினைத் தம்பியின் மூக்குக்கு நேரே பிடித்தாள். "பயத்துக்கு நம்பர் இறங்காது. எனக்குத் தெரிஞ்சுது கிளறன்ஸ். உனக்கு முதல், இவனுக்கு முதல், இந்த மெசினுக்கு முதல் எனக்குத் தெரிஞ்சுது!"

கிளறன்ஸ் நம்பரைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். நெற்றியிலிருந்து புருவத்துக்கு, புருவத்திலிருந்து கன்னத்துக்கு, கன்னத்திலிருந்து சட்டைக் கழுத்துக்கு ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. வாய் கோணி அழுகை வந்தது அவனுக்கு. பொக்கற்றிலிருந்து லேஞ்சியை எடுத்து அக்காவின் முகத்தைத் துடைக்கப் போனான்.

டோரின் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"துடையாத. வேர்க்கட்டும்."